வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து

கம்பெனி ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பி அனுப்பியே தலை நரைத்தவர் தணிகாசலம். மனசு சரியில்லாவிட்டால் ஊருக்கு வெளியே இருந்த மடத்துக்குப் போவார். மடத்துச் சாமி அவரைவிட வயதில் சின்னவர்தான். இருந்தாலும் தீட்சை வாங்கியது அவரிடம் என்பதால் கைகட்டித்தான் நிற்பார்.

அன்றைக்கு ஒரு ஃபைலோடு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"எட்டியப்பன்னு ஒரு வெல்டர், சாமி. நாங்க அனுப்பின ஆள். அங்க சாரம் சரிஞ்சு விழுந்து செத்துட்டான்."

"குடும்பம்?"

"பொண்டாட்டி பூங்காவனம். ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. தினமும் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்திருக்கா."

விஷயம் இதுதான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவனுக்குச் சமூகப் பாதுகாப்புச் சான்று என்று ஒன்று உண்டு. அது இருந்தால் அவனுடைய பி.எஃப்., பென்ஷன் எல்லாம் இங்கேயே நடக்கும். அந்த நாட்டில் அதற்கென்று சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். கெடு முடிவதற்குள் நீட்டித்துவிட வேண்டும். எட்டியப்பனின் வேலை பெர்மிட்டைக் கம்பெனி நாள் தவறாமல் நீட்டித்தது. பெர்மிட் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் அல்லவா! சான்று இல்லாவிட்டால் நடுத்தெருவில் நிற்கப்போவது அவன் குடும்பம்தானே, அதனால் சான்றை நீட்டிக்கும் விண்ணப்பம் தணிகாசலத்தின் மேஜையிலேயே கிடந்தது. கெடு முடிந்தது. அடுத்த வாரமே ஆள் விழுந்துவிட்டான். "அவர் உங்கள் ஆள்" என்று அந்த நாடு சொன்னது. "சான்று காலாவதி, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று இங்கே பி.எஃப். ஆபீசில் கையைக் கழுவினார்கள்.

"இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா?" என்று சாமி கேட்டார்.

"முடியும், சாமி. தாமதம் எங்களோடதுன்னு எழுதிக் குடுத்தா முன்தேதி போட்டுச் சான்று தருவாங்க. பென்ஷன் வந்துரும். ஆனா கம்பெனிக்கு அபராதம். எனக்கு வேலை போயிரும்."

"சரி."

"மேனேஜர் வேற வழி சொல்றாரு. விண்ணப்பத்துல நான் கையெழுத்துப் போட்டு அனுப்பலை, அதான் தாமதம்னு எட்டியப்பனே எழுதின மாதிரி ஒரு கடிதம். கம்பெனி தப்பிச்சுரும். அவளுக்குத்தான் பென்ஷன் கிடைக்காது."

"அவர் கையெழுத்துக்கு எங்க போவீங்க?"

தணிகாசலம் ஃபைலைத் திறந்தார். எதுவும் எழுதாத ஒரு வெள்ளைத் தாள். அடியில் கோணல்மாணலாக எட்டியப்பனின் கையெழுத்து.

"ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் நாலஞ்சு வெத்துத் தாள்ல வாங்கி வெச்சுக்குவோம். ஒவ்வொண்ணுக்கும் அங்கருந்து தபால்ல வரவழைச்சுக்கிட்டு இருக்க முடியுமா? வழக்கம்தான், சாமி."

"கையெழுத்து கையிலயே இருந்திருக்கு. அப்புறமும் விண்ணப்பம் ஏன் போகலை?"

"வேலை நெருக்கடி…" என்று இழுத்தார் தணிகாசலம். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் அதிகம்.

"எனக்கும் புள்ளைக்குட்டி இருக்கு, சாமி. போனவன் போயிட்டான். அவன் பேர்ல நாலு வரி எழுதினா அவனுக்கு இனிமே என்ன கெட்டுப்போகும்? நீங்களே சொல்லுங்க."

சாமி எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அடியில ஒரு கையெழுத்துப் போடுங்க."

தணிகாசலம் பேனாவை எடுத்தார். தாளின் அடிக்குக் கை போனது. அங்கேயே நின்றது.

"போடுங்க."

"சாமி… மேல ஒண்ணும் எழுதலையே?"

"நான் எழுதிக்கிறேன்."

தணிகாசலம் சாமி முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்.

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, உசுரையே குடுப்பேன், சாமி. ஆனா என்ன எழுதப்போறீங்கன்னு தெரியாம எப்படி…"

சாமி எட்டியப்பனின் தாளை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"என்ன எழுதப்போறீங்கன்னு இவர் உங்ககிட்ட கேட்டாரா?"