செங்கல் வைக்காமல் பெரிதான மனு மண்டபம்

வெண்ணாற்றூரை ஆண்ட சேதிராயருக்கு ஒரு கவலை. ஜனங்கள் மனுக் கொடுக்க வரும் அரண்மனை மண்டபம் போதவில்லை. எந்நேரமும் முற்றத்து வெயிலில் நானூறு பேர் நிற்கிறார்கள்.

"இதைவிட இரண்டு பங்கு பெரிதாக ஒன்று கட்டிவிடலாம் மகாராஜா," என்றார் பிரதானி அனந்தப்பர். "குயவர் தெருவை இடித்தால் இடம் கிடைக்கும். வீட்டு அடுப்பு ஒன்றுக்கு ஒரு பணம் வரி போட்டால் செலவுக்கும் ஆயிற்று."

ஊரிலேயே பெரிய செங்கல் சூளை பிரதானியின் மைத்துனருடையது. சபையில் யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்வானேன்? ராஜா தலையாட்டினார். தண்டோரா போட்டாயிற்று.

குயவர் தெருவில் அறுபது வீடு. அதில் ஒரு வீட்டுக்காரி செம்பாயி, அவை விகடர் பொன்னுரங்கத்திடம் வந்து அழுதாள்.

"மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணுமாம் சாமி. வேண்டாம்னு மனுக் கொடுக்கப் போனா, பதினோரு நாளா 'நாளைக்கு வா'ன்னே அனுப்புறாங்க."

"பதினோரு நாளா?" என்றார் பொன்னுரங்கம். மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனார்.

"மகாராஜா, மண்டபத்தை ஒரு வாரம் என் பொறுப்பில் விடுங்கள். வீட்டை இடிக்காமல், வரி போடாமல், பெரிதாக்கித் தருகிறேன்."

"முடியாவிட்டால்?" என்றார் பிரதானி.

"அறுபதோடு என் வீட்டையும் இடித்துக்கொள்ளுங்கள்."

எட்டாம் நாள் ராஜா பார்க்க வந்தார். முற்றம் காலி. உள்ளே ஏழெட்டுப் பேர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார்.

"ஏனய்யா, இந்த மண்டபம் இத்தனை பெரிதா?"

பிரதானி கையோடு அளவுக்கயிறு கொண்டுவந்திருந்தார். அளந்தார். "ஒரு சாண்கூடக் கூடவில்லை மகாராஜா."

"பின்னே என்னதான் செய்தீர்?" என்று ராஜா விகடரைக் கேட்டார்.

"முற்றத்தில் நின்ற நானூறு பேரையும் விசாரித்தேன். அன்றைக்குப் புதிதாக வந்தவர்கள் முப்பது பேர்தான். மற்றவர்கள் எல்லாம் 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அதனால் இடத்தை மாற்றினேன். மனுக்காரர்கள் உள்ளே நிழலில். மனு வாங்கும் கணக்கர்கள் வெளியே வெயிலில். அன்றன்றைய மனு முடிந்தால் அவர்களும் உள்ளே வரலாம். முதல் நாள் முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இப்போது உச்சிக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். செம்பாயி மனு ஒன்றுதான் தங்கள் உத்தரவுக்காக நிற்கிறது."

பிரதானி விடவில்லை. "மகாராஜா, இவர் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை."

"வாஸ்தவம்," என்றார் பொன்னுரங்கம். "பிரதானியாருக்கு அதுதானே வருத்தம்."

ராஜா சிரித்துவிட்டார். தெருவும் பிழைத்தது, வரியும் போயிற்று, விகடருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. மறுநாள் பிரதானியின் மைத்துனர், புது மண்டபத்துக்கென்று சுட்டு வைத்த இரண்டு லட்சம் செங்கலை அரண்மனையே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனுக் கொடுத்தார். அவரையும் நிழலில் உட்காரவைத்து, குடிக்க மோர் கொடுத்தார்கள்.

நாளைக்கு வா என்று யாரும் சொல்லவில்லை. முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.