மீதி உள்ளே இருக்கு

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளி நூலகம் என்பது ஒரு கண்ணாடி பீரோ. புத்தகங்களை அட்டை தெரிய நிறுத்தி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் தொட்டால் அழுக்காகிவிடும் என்று தலைமையாசிரியர் அம்பலவாணன் அதைத் திறந்ததே இல்லை.

ஒருநாள் அவர் சத்துணவு ஆயா செவந்தியைக் கூப்பிட்டார். டீச்சர் இடம் காலி என்பதால் பிள்ளைகளை மேய்ப்பதும் அவள்தான்.

“வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றார். பிள்ளைங்க ஆளுக்கொரு நூலகக் கதை சொல்லணும். பீரோவை மட்டும் திறக்கக் கூடாது.”

“அதுக்கென்ன சார், திறக்காமலே படிக்க வச்சிடலாம்.”

தினமும் சோறு போட்டு முடிந்ததும் பிள்ளைகளைப் பீரோவுக்கு முன்னால் உட்காரவைத்தாள். அட்டைப் படத்தைப் பார்த்து ஆளுக்கொரு கதை கட்டச் சொன்னாள்.

அதிகாரி வந்தார். மூன்றாம் வகுப்பு கனிஷ்கா, ஆற்றுச் சுழலில் சிக்கிய யானைக்குட்டியின் கதையைச் சொன்னாள். அதிகாரி கையிலிருந்த டீ ஆறிப்போனது. சட்டென்று நிறுத்தி, பீரோவைக் காட்டினாள்.

“மீதி உள்ளே இருக்கு சார்.”

அடுத்த பிள்ளையும் பாதியில் நிறுத்தி அதையே சொன்னது. செவந்தி சொல்லிக்கொடுத்தது அப்படி.

“திறங்க” என்றார் அதிகாரி.

அம்பலவாணன் வேர்த்துப்போய்ப் பூட்டைத் திறந்தார். கனிஷ்கா ஓடிப்போய் யானைப் புத்தகத்தை எடுத்தாள். அட்டை மட்டும் கையோடு வந்தது. தாளையெல்லாம் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது. எல்லாப் புத்தகமும் அப்படித்தான்.

அதிகாரி அம்பலவாணனைத் திட்டித் தீர்த்தார். பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை. கனிஷ்கா அட்டையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள்.

“ஆயா, அப்ப அந்தக் குட்டி கரையேறிச்சா இல்லையா?”

செவந்தி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.