பேர் வெட்டிய டப்பா

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் முழுசாகக் கேட்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நீங்களாவது கொஞ்சம் பொறுங்கள்.

சேலத்தில் குமரேசன், பூங்கொடி என்று ஒரு தம்பதி. அவர்களுடைய ஒரே மகள் தேன்மொழி எட்டு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய எவர்சில்வர் டிபன் டப்பா மட்டும் சமையலறையிலேயே இருந்தது. அவள் பள்ளியில் சேர்ந்தபோது குமரேசனின் அக்கா செண்பகம் வாங்கிக் கொடுத்தது. கடையிலேயே மூடியில் குழந்தையின் பெயரையும் வெட்டி வாங்கியிருந்தாள். பூங்கொடி தினமும் காலையில் அந்தக் காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்ப்பாள். அழமாட்டாள். பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு வேலை. குமரேசன் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பான். மகளின் பெயரை இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சின்ன வீட்டுக்கு மாற வேண்டி வந்தது. வேண்டாததைக் கழிக்கச் செண்பகமும் வந்தாள். கடையில் போட்டுப் புதிது வாங்குவதற்காகப் பழைய பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார்கள். பூங்கொடி தானே அந்த டப்பாவைக் கொண்டுவந்து சாக்கில் போட்டாள்.

“அந்த வீட்டுலயும் இதக் கழுவிக்கிட்டு நிக்க என்னால முடியாதுங்க,” என்றாள் கணவனிடம்.

அவன் தலையாட்டினான். அவள் அந்தப் பக்கம் போனதும் டப்பாவை எடுத்துத் தன் சட்டைகளுக்குள் ஒளித்தான்.

புது வீட்டில் துணி அடுக்கும்போது செண்பகத்தின் கையில் அது அகப்பட்டது. அவள் தம்பியிடமும் கேட்கவில்லை, பூங்கொடியிடமும் சொல்லவில்லை. அந்தப் பெயர்தான் இவர்களை வாட்டுகிறது என்று நினைத்தாள். கடைக்குக் கொண்டுபோய்ப் பெயரைத் தேய்த்து எடுக்கச் சொல்லி, மற்றப் பாத்திரங்களோடு அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் குமரேசன் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

“பேர அழிக்க நீ யாருக்கா?”

“வெட்ட வெச்சதே நாந்தானடா.”

சத்தம் கேட்டுப் பூங்கொடி வந்தாள். மூடியில் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். டப்பாவை எடுத்துப்போய்க் குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்தாள்.

கழித்தவள் ஒருத்தி, ஒளித்தவன் ஒருவன், அழித்தவள் ஒருத்தி. மூவருக்குமே அந்தக் குழந்தைமேல் உயிர். இப்போது சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பூங்கொடிதான். தன்னால் முடியாது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய்தவள் அவள் ஒருத்தியே. குமரேசனும் பெற்றவன்தான். ‘எனக்கு வேணும்’ என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்கப் பயந்தான். செண்பகத்துக்கு நல்ல மனசு, ஆனால் வெட்டிக் கொடுத்த அன்றே அந்தப் பெயர் குழந்தையுடையதாகிவிட்டது. அதை அழிக்கும்படி அவளிடம் யாரும் கேட்கவில்லை. சரியாகச் செய்தவள் பூங்கொடி. இன்று காலையும் அந்த டப்பாவோடு குழாயடியில் நின்றது அவள்தான்.