அக்கா நின்ற இடம்

"அந்த இடத்துல அவ நின்னா நான் பாட மாட்டேன், ஐயா. இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னவள் ஹெர்மீனா. ஒரு ஜெர்மன் நகரத்து ஓபரா இசைநாடகக் குழுவில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கோரஸ் பாடுகிறவள். எதிரே நின்றவர் கோரஸை நடத்தும் ரூப்ரெக்ட். சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசினால் மழை வந்துவிடும், அப்படிப்பட்ட மனுஷர்.

காலை பத்து மணி. புது அரங்கத்தில் முதல் ஒத்திகை. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

பழைய அரங்கத்தை ஒரு கோமகன் கட்டினார். நூற்று முப்பது வருஷம் நின்றது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முந்தின வருஷம், ஒரே நாள் குண்டுவீச்சில் எரிந்துபோனது. கோரஸில் நாற்பது பேர் இருந்தார்கள். மிஞ்சியது பதினெட்டு.

அந்தப் பதினெட்டுப் பேரும் பதினோரு வருஷம் ஒரு பீர் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில், முட்டைக்கோஸ் சூப் வாசனைக்கு நடுவே பாடினார்கள். அவரவர் பழைய இடத்தில்தான் நின்றார்கள். செத்துப்போனவர்களின் இடம் காலியாகவே கிடந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. நகர்ந்து நிற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"வரிசையா அது? பல் விழுந்த வாய்!" என்று ஊரில் கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டுமே, அவர்களுக்கு என்ன தெரியும்?

பத்திரிகைக்காரன் ஒருத்தன், இந்தக் கோரஸ் எப்போதும் ஒரு மூச்சு பிந்தியே பாடுகிறது என்று எழுதினான். ரூப்ரெக்ட் அதைப் படித்தார், மடித்து வைத்தார், மறுநாளும் பழையபடியே நடத்தினார்.

இப்போது நகராட்சி கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டது. புது ஆட்களை எடுத்துக் கோரஸையும் நாற்பதாக்கிவிட்டது. ஹெர்மீனாவுக்கு இடப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் தெக்லா என்கிற புதியவள் வந்து நின்றாள். அதற்குத்தான் இத்தனையும்.

"அது யார் இடம்?" என்றார் ரூப்ரெக்ட்.

"எங்க அக்கா லோட்டே இடம். உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"அங்க நின்னு அவ என்ன பண்ணுவா?"

"என்ன பண்ணுவா, பாடுவா." ஹெர்மீனாவின் குரல் இறங்கியது. "நான் பாட்டை எடுக்க எப்பவும் பிந்துவேன். நேரம் வந்ததும் என் மணிக்கட்டுல ரெண்டு விரலால தட்டுவா. நான் எடுத்துடுவேன்."

"இப்ப யார் தட்டுறாங்க?"

அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குண்டு விழுந்த அன்னிக்கு, தீப்பிடிச்சா அணைக்கக் கூரையில காவல் நிக்கிறது என் முறை, ஐயா. எனக்குக் காய்ச்சல்னு அவ போனா. என் இடத்துக்குப் போய்ச் செத்தா. அவ இடத்தையாவது நான் காப்பாத்த வேண்டாமா?"

அழுதுவிட்டாள். அத்தனை பேர் பார்க்க, வெட்கம் பார்க்காமல் அழுதாள்.

தெக்லாவுக்கு முகம் வெளுத்துப்போனது. "நான் வேணா பின்னால போய் நிக்கிறேன்," என்றாள்.

"நீங்க எந்த ஊரும்மா?" என்று ரூப்ரெக்ட் அவளைக் கேட்டார்.

அவள் கிழக்கே ஓர் ஊரைச் சொன்னாள். போருக்குப் பிறகு அது வேறு நாட்டோடு போய்விட்டது.

"அங்க ஓபரா இருந்துச்சா?"

"இருந்துச்சு. கோரஸ்ல முப்பத்தாறு பேர்."

"இப்ப?"

"நான்தான்."



ரூப்ரெக்ட் அருகே வந்தார். ஹெர்மீனாவின் தோளைப் பிடித்து இடப்பக்கம் ஓர் அடி நகர்த்தி, அக்காவின் இடத்தில் நிறுத்தினார். ஹெர்மீனாவின் இடத்தில் தெக்லாவை நிறுத்தினார்.

"ஐயோ, இங்கயா? நானா?"

"காப்பாத்தணும்னு நீதானே சொன்ன."

திரும்பிப் போய்ப் பியானோ அருகே நின்று தலையசைத்தார். பியானோ தொடங்கியது.

ஹெர்மீனா வலப்பக்கம் பார்த்தாள். அக்கா தினம் தினம் பார்த்தது இதைத்தான். தன்னுடைய இடம். அதில் ஒருத்தி உதடு காய்ந்து, எப்போது எடுப்பது என்று தெரியாமல், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

பாட்டு, கோரஸ் எடுக்க வேண்டிய இடத்துக்கு வந்தது.

ஹெர்மீனாவின் இரண்டு விரல்கள் தெக்லாவின் மணிக்கட்டில் தட்டின. இருவரும் சேர்ந்தே எடுத்தார்கள்.

எடுக்கச் சொல்லி ரூப்ரெக்டின் கை அதற்குப் பிறகுதான் எழுந்தது.

பாட்டு முடிந்ததும் ஹெர்மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன ஐயா, நான் சரியாத்தான் எடுத்தேன். இன்னிக்கு நீங்கதான் பிந்திட்டீங்க."

ரூப்ரெக்ட் தன் கையைப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா உனக்காகக் காத்து நின்ன கைம்மா," என்றார். "பழக்கம் போக நாளாகும்."