கடைசி ரிவெட்

சென்னியப்பன் கட்டிக்கொண்டிருந்தது இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். ஊருக்கு வெளியே, முன்பு கோழிப் பண்ணையாக இருந்த நீளக் கொட்டகையில் வேலை நடந்தது. அவருக்குக் குரு கோகிலவாணி. தன் கையாலேயே ஒரு விமானம் கட்டி, அதில் ஏறிப் பறந்து, பத்திரமாக இறங்கியும் காட்டியவள். அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். அதனாலென்ன? தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ள வயது பார்ப்பவரில்லை சென்னியப்பன். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இறக்கையின் மேல்தகட்டை, ரிவெட் என்கிற தலை தட்டிய ஆணிகளை அடித்துச் சட்டத்தோடு சேர்க்க வேண்டும். துளைகள் சமமான இடைவெளியில் விழ வேண்டும். மில் மேனேஜராக இருந்தவர், அளவென்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு துளைக்குக் குறி வைத்தார். அதிலிருந்து அடுத்ததை அளந்தார். அதிலிருந்து அதற்கடுத்ததை. இப்படியே போய், கடைசித் துளை தகட்டின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. அங்கே ரிவெட்டை அடித்ததும் தகடு கிழிந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே தகடு. அதுவும் வீணானால் மறுபடி வரவழைக்க ஒரு வருஷமாகும். அவர் கண்ணைச் சோதித்த டாக்டரோ, விமானம் ஓட்டலாம் என்று அடுத்த வருஷம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்த வருஷம் பறந்தால்தான் உண்டு.

கிழிந்த தகட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“எங்கீங்க அம்மிணி தப்புப் பண்ணினேன்? ஒவ்வொண்ணையும் சரியாத்தானுங்க அளந்தேன்.”

கோகிலவாணி துளைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஒவ்வொண்ணும் சரிதாங்க சார். நல்ல கை உங்களுக்கு.”

கேலியில்லை, மனதாரத்தான் சொன்னாள். பிறகு, டிரவுசருக்கு வைத்துத் தைக்கிற எலாஸ்டிக் கொஞ்சம் வாங்கி வரச் சொன்னாள். விமானத்துக்கும் டிரவுசருக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கேள்வி கேட்காமல் போய் வாங்கி வந்தார்.

புதுத் தகட்டில் அவள் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் மட்டும் குறி வைத்தாள். இரண்டும் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தன. எலாஸ்டிக்கை இழுக்காமல் மேசையில் போட்டு, எத்தனை ரிவெட்டோ அத்தனை கோடுகளைச் சம தூரத்தில் பேனாவால் போட்டாள். முதல் கோட்டை முதல் குறியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள். கடைசிக் கோடு கடைசிக் குறியைத் தொடும்வரை இழுக்கச் சொன்னாள்.

இழுத்தார். கோடுகளெல்லாம் ஒன்றாக நகர்ந்தன. எதுவும் எதையும் முந்தவில்லை. சென்னியப்பன் பச்சைப்பிள்ளை மாதிரி சிரித்துவிட்டார். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், அவ்வளவு அழகு அது.

கோடு விழுந்த இடத்திலெல்லாம் தகட்டில் குறி வைத்தார்கள். ஆனால் மேனேஜர் புத்தி எங்கே போகும்? ஸ்கேலை எடுத்து இடைவெளிகளை அளந்தார். வரைபடத்தில் போட்டிருந்ததைவிட ஒவ்வொன்றும் நூலிழை குறைந்தது. முகம் வாடிப்போயிற்று.

ரிவெட்டுகள் அந்த அளவுக்கு நெருங்கி நின்றால் தகட்டுக்குக் கெடுதல் இல்லை, விளிம்பை ஒட்டி நின்றால்தான் ஆபத்து என்று அவள் விளக்கினாள். அவருக்கு மனசு ஆறவில்லை.

“அப்பக் குறை இருக்குதுதானுங்க அம்மிணி?”

“இருக்குதுங்க. தகடே வரைபடத்தைவிட ஒரு துளி குட்டைங்க. அன்னைக்கு மொத்தக் குறையையும் கடைசி ஆளு தலையில கட்டினீங்க. இன்னைக்கு ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கிட்டாங்க. மெஷினை எடுங்க, துளை போடலாம்.”