பதினேழாவது கல்லடுக்கு

தீமலையில் பாதை கிடையாது. எந்தக் காலத்திலோ நெருப்புக் குழம்பாக ஓடிவந்து ஆறிய பாறை, மலையின் ஒரு பக்கம் முழுவதும் கறுப்பாகப் பரந்து கிடக்கிறது. அதில் காலடி பதியாது, புல்லும் முளைக்காது. ஆகவே முப்பது காலடித் தூரத்துக்கு ஒன்றாகக் கல் அடுக்கி, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு வெள்ளைக் கல் வைத்திருப்பார்கள். மூட்டம் இறங்கிவிட்டால், ஒரு வெள்ளைக் கல்லிலிருந்து அடுத்த வெள்ளைக் கல்லைக் கண்ணால் தேடிப் பிடித்துத்தான் நடக்கவேண்டும்.

அந்த அடுக்குகளைக் காப்பவள் செங்கமலம். மலையைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் வழிகாட்டிகள் எல்லோருமே அவளிடம் கல் அடுக்கக் கற்றவர்கள். அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. புதிதாக வந்து சேர்ந்த சீடர் மாசிலாமணிக்கு அறுபத்தொன்று. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் அவரை 'ஐயா' என்பாள். அவர் அவளை 'அம்மா' என்பார்.

கல் அடுக்கும் ஆசையால் அவர் அங்கே வரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஒரே மகள் பூங்கோதை இந்த மலையில் ஏறினாள். இறங்கும்போது மழையும் மூட்டமும் சேர்ந்துகொண்டன. மறுநாள் மாலை, கல் வரிசையைவிட்டு அறுபது காலடித் தூரம் தள்ளி, ஒரு பாறைப் பிளவுக்குள் அவளைக் கண்டெடுத்தார்கள்.

வந்த அன்றே மாசிலாமணி கேட்டார். "அவள் கவனமான பெண், அம்மா. எப்படி வழி தவறினாள்?"

 செங்கமலம் ஒரு கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முதலில் கல் அடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஐயா."

கற்றுக்கொண்டார். கனமான கல் அடியில். தட்டைப் பக்கம் கீழே. இரண்டு கல் சேரும் இடத்தின்மேல் மூன்றாவது கல். முதல் மாதம் அவர் கட்டியதையெல்லாம் அவள் ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தாள், எல்லாம் சரிந்தன. ஒருமுறை, இது கல்லடுக்கா, இல்லை தபால் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியிருக்கிறீர்களா என்று கேட்டாள். மகள் போனபிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பதினேழாவது அடுக்கு வந்ததும் செங்கமலம் உட்கார்ந்துவிடுவாள். உறுதியாக நிற்கும் அடுக்கை அடிவரை பிரித்து, மறுபடி கட்டுவாள். நன்றாக இருப்பதை ஏன் கலைக்கிறீர்கள் என்று கேட்டார். கை மறந்துவிடக்கூடாது என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

அவரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. தனியாகச் சுற்றுக்குப் போகும் நாட்களில், மகள் கிடந்த பிளவின் ஓரத்துக்குப் போய் ஒரு கல் வைத்துவிட்டு வருவார். இறந்தவர்களுக்குக் கல் நாட்டுவது அவர்கள் குடும்ப வழக்கம். ஓர் ஆண்டில் அது இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பூங்கோதைக்குப் பிடித்த நிறம் வெள்ளை. ஆகவே உச்சியில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. இருவரும் பதிலுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். மலை பார்க்க வந்த ஒரு கணவனும் மனைவியும். பாறையின் மேலோடு உடைந்து கணவனின் கால் தொடைவரை உள்ளே இறங்கியிருந்தது. எலும்பு முறிந்திருந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் பிளவு.

"வெள்ளைக் கல்லைப் பார்த்துத்தானே வந்தோம்," என்றாள் மனைவி. கணவனைத் தூக்குக்கட்டிலில் வைத்துக் கீழே கொண்டுசேர்க்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிற்பகலில் இருவரும் மறுபடி மேலே ஏறினார்கள். பிளவின் ஓரத்தில் மாசிலாமணி நின்றார்.

"இது வழிக்கல் இல்லை, அம்மா. என் மகள்."

செங்கமலம் அந்த அடுக்கை ஒருமுறை சுற்றிவந்தாள். ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள், ஐயா. அதனால்தான் நம்பிவிட்டார்கள்."

இதையும் கலைத்துவிட்டால் இந்த மலையில் தன் மகளுக்கென்று என்ன இருக்கும் என்று அவர் கேட்டார். செங்கமலம் கூடையைக் கீழே வைத்தாள். சற்று நேரம் பொறுத்து, அவரே வெள்ளைக் கல்லை எடுத்து அதில் வைத்தார். எந்தக் கல்லை எந்த நாளில் வைத்தோம் என்று அவருக்கு நினைவிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தார்.

வரிசையில் அந்தப் பிளவுக்குப் பக்கமாக இருந்தது பதினேழாவது அடுக்குதான். கூடை கூடையாகக் கற்களை அங்கே கொண்டுவந்தார்கள். செங்கமலம் வழக்கம்போல அந்த அடுக்கை அடிவரை பிரித்தாள். பழைய கல்லையும் புதிய கல்லையும் கலந்து, அகலமாகக் கட்டத் தொடங்கினாள்.

முழங்கால் உயரம் வந்தபோது மேகம் கவிந்தது. முதல் துளிகள் கறுத்த பாறையில் விழுந்தன.  மாசிலாமணியின் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"மழை பிடித்துவிட்டது, அம்மா. என்னால் முடியவில்லை. மீதியை நாளைக்குக் கட்டிக்கொள்ளலாமே."

செங்கமலத்தின் கை நின்றது. அவள் தலை நிமிரவில்லை.

"உங்கள் மகள் மேலே போயிருந்த அன்று, இந்த அடுக்கு சரிந்து கிடந்தது. பார்த்தேன். மழை வந்தது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இறங்கினேன், ஐயா. நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று."

மாசிலாமணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை வலுத்தது. இருவரும் முழுக்க நனைந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அவர் குனிந்தார். கூடையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, தட்டைப் பக்கம் எது என்று தடவிப் பார்த்தார்.