புலி வராத குளம்

காட்டோரத்தில் ஒரு மேய்ச்சல் நிலம். அதன் நடுவில் ஒரு குளம். மாடுகள் மேயும் இடத்திலேயே மான்களும் மேயலாம், மயில்கள் முட்டையிடலாம், யாரும் யாரையும் விரட்டக் கூடாது என்பது அங்கே ஏற்பாடு. இதற்கெல்லாம் பொறுப்பு ஒரு பெண்யானை. கோடை பிறக்கும் முன்பு ஒவ்வொரு கூட்டத்தின் தலைவரும் அதனிடம் போக வேண்டும். நிலத்தால் தங்களுக்கு என்ன ஆபத்து, தங்களால் நிலத்துக்கு என்ன ஆபத்து என்று சொல்ல வேண்டும். ஆபத்து உண்டென்று சொன்ன கூட்டத்தை யானை மலைமேல் இருக்கும் ஊற்றுக்கு அழைத்துப் போகும்.

மாடுகளுக்குத் தலைவன் செவலைக் காளை. அதற்குத் திமில் பெரிது, தலைக்கனம் அதைவிடப் பெரிது. அந்தத் திமிலுக்குப் பக்கத்தில் ஓர் உண்ணிக்கொக்கு எப்போதும் உட்கார்ந்திருக்கும். மாடுகள் நடந்தால் பூச்சி கிளம்பும், கொக்குக்குச் சாப்பாடு நடக்கும். மாடுகள் குளக்கரையை விட்டு நகரக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு கொள்கை கிடையாது.

அந்த வருஷம் கரை கெட்டுப்போயிருந்தது. மாடுகள் ஒரே இடத்தில் இறங்கி இறங்கி மிதித்ததில் கோரையெல்லாம் செத்து, மண் சரிந்து குளத்தில் விழுந்தது. தண்ணீர் குறைந்து சேறு கூடியது. செவலைக்கு இது தெரியாமல் இல்லை. முந்தின நாள்தான் அதன் முன்னங்கால் முட்டிவரை சேற்றில் புதைந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டது.

மயிலைப் பசு வந்து சொன்னது: "அண்ணே, கரை சரியிறதை யானை ஆத்தாகிட்ட சொல்லிடுங்க. என் கன்னு ரெண்டு தடவை வழுக்கி விழுந்துடுச்சு. மலைக்குப் போனாத்தான் பிழைக்கும்."

"கரையைக் கெடுத்தது நாமதான்னு நானே போய் ஒத்துக்கணுமா? மானெல்லாம் சிரிக்கும்" என்றது செவலை. பிறகு கொக்கைக் கேட்டது: "நீ என்னப்பா சொல்றே?"

கொக்கு கழுத்தை நீட்டியது. "ஆபத்துன்னா பல்லு இருக்கணும், நகம் இருக்கணும். சேத்துக்கு ஏதுண்ணே பல்லு?"

செவலைக்கு இது பெரிய ஞானமாகப் பட்டது. அதற்கு வேண்டியதெல்லாம் தலையாட்ட ஒரு சாக்கு.

யானையின் முன்னால் மான் தலைவி முதலில் பேசியது. "மேட்டுப் புல்லை வேர் தெரிய மேஞ்சுட்டோம். இன்னும் மேஞ்சா முளைக்காது." யானை மான்களை மலைக்கு வரச் சொன்னது. மானுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை என்று நினைத்துக்கொண்டது செவலை.

"உங்க பக்கம் எப்படி?" என்று யானை கேட்டது.

செவலை தொண்டையைச் செருமிக்கொண்டது. "புலி வரலை ஆத்தா. புலியோட காலடி இல்லை. உறுமல் இல்லை. சிறுத்தைகூட எட்டிப் பாக்கலை."

"குளம் எப்படி இருக்கு?"

"குளத்துக்கும் புலி வரலை."

"அப்ப ஆபத்து ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

"தாராளமா."

யானை அந்தப் பேச்சை நம்பி, மான்களைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டது. தான் யானையையே பேச்சில் மடக்கிவிட்டதாகச் செவலை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது.

சித்திரை வெயிலில் குளம் வெறும் சேறானது. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. தலைவன்தான் முதலில் குடிக்க வேண்டும் என்று செவலை இறங்கியது. முதலில் கால் புதைந்தது, அப்புறம் வயிறு. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது.

"என்ன செய்யலாம்? சொல்லுப்பா" என்று முதுகிலிருந்த கொக்கிடம் கெஞ்சியது.

கொக்கு நாலு பக்கமும் பார்த்தது. "பயப்படாதீங்கண்ணே. புலி எதுவும் காணோம்" என்று சொல்லிவிட்டு, பூச்சி கிடைக்கும் வேறு இடம் தேடிப் பறந்துவிட்டது.

கரையில் மயிலையின் கன்று நாக்கு வறண்டு நின்றது. மயிலை அதற்குமேல் காத்திருக்கவில்லை. மற்ற மாடுகளையும் திரட்டிக்கொண்டு மலைப்பாதையில் திரும்பியது.

"என்னை விட்டுட்டா போறே?" என்று செவலை கத்தியது.

"ஆத்தாவைக் கூட்டிட்டு வரத்தான் போறேன் அண்ணே. போய் என்னன்னு சொல்ல? ஆபத்துன்னு சொல்லலாமா?"

செவலை மற்ற மாடுகளைப் பார்த்தது. அப்போதுகூட அதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. சேறு கழுத்தைத் தொட்டபின், "சொல்லு" என்றது.

கன்று ஊற்றுத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தது. யானை குளத்துக்கு ஓடி வந்தபோது சேற்றுக்கு வெளியே இரண்டு கொம்புகள் மட்டுமே தெரிந்தன.

தன் காலால் வந்த கேட்டை மறைத்துவிட்டு, வராத ஆபத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவனை அந்தக் கேடே விழுங்கிவிடும்.